உலை வச்சாச்சு… சோறு வெந்தாச்சா?

'ஸ்லீப் 60' என்று ஒற்றை வரியை எழுதிவிட்டு, 'ப்ராப்ளம் சால்வ்ட்' என்று டிக்கெட்டை மூடிவிட்டு, டீ குடிக்கக் கிளம்புகிறவர்களைத் திட்டுவதற்காக இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாகவே இருக்கும். ஊரை விட்டு வந்த நம் கூட்டத்தில் பாதிப் பேர் பொட்டி தட்டித்தான் பிழைக்கிறோம். மீதிப் பாதிப் பேர் அப்படிப் பிழைக்கிறவர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், அவர்கள் பெற்றவர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடித்து, தூங்குகிற குழந்தை எழுந்து அழுகிறதே, அதற்கான காரணங்களில் இந்த ஸ்லீப்பும் ஒன்று. அதனால் தொழில் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

அவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு சர்வரை ஆன் செய்தால் உள்ளே ஒரே ஒரு புரோகிராம் ஓடுவதில்லை. ஐம்பது, அறுபது, சமயத்தில் நூறுக்கும் மேல், ஆளுக்கு ஒரு வேலையோடு எழுந்திருக்கும். நெட்வொர்க்கை எழுப்புவது ஒன்று. டிஸ்க்கை இணைப்பது ஒன்று. டேட்டாபேஸ் ஒன்று. அந்த டேட்டாபேஸில் இருந்து விவரத்தை எடுத்து உங்களுக்குக் காட்டுகிற அப்ளிகேஷன் ஒன்று. இவற்றுக்கு சர்வீஸ் என்று பெயர். ஒன்றை நம்பி இன்னொன்று நிற்கும். டேட்டாபேஸ் எழுந்திருக்கும் முன்பே அப்ளிகேஷன் எழுந்து, கதவைத் தட்டிப் பார்த்து, பதில் இல்லை என்றதும் செத்துப்போனால் முடிந்தது கதை. டேட்டாபேஸ் நிதானமாக எழுந்து கடையைத் திறந்து வைத்திருக்கும். வாங்கத்தான் ஆள் இருக்காது. யாராவது ஒரு மனுஷன் உள்ளே போய் அப்ளிகேஷனை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பப்படுகிற மனுஷன் அவர்தான்.

இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த கைவைத்தியம்தான் ஸ்லீப். அப்ளிகேஷனைக் கிளப்பும் ஸ்கிரிப்ட்டின் தலைமாட்டில், 'முதலில் 60 வினாடி தூங்கு, அப்புறம் வேலையைப் பார்' என்று ஒரு வரி. 60 போதவில்லையா, 120. அதுவும் போதவில்லையா, 300. ஐந்து நிமிஷம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கும் சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டால், 'அது இருக்கட்டும் சார், எடுத்தா வேலை செய்யாது' என்பார்கள். யார் போட்டது, எந்தக் கணக்கில் போட்டது, ஒருவருக்கும் தெரியாது. காரணம் கேட்கக்கூடாத சாங்கியம் மாதிரி ஒரு டீமிலிருந்து அடுத்த டீமுக்கு வழிவழியாக வருகிறது.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸ்கள் எழும் வரிசைதான் பிரச்சினை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வரிசை பாதிப் பிரச்சினைதான். 'ஆரம்பித்துவிட்டது' என்பதையும் 'தயாராகிவிட்டது' என்பதையும் ஒன்றாக நினைப்பதுதான் மீதிப் பாதி, பெரிய பாதி.

வீட்டில் 'சாப்பாடு ஆச்சா?' என்று கேட்கிறீர்கள். 'உலை வச்சாச்சு' என்று பதில் வருகிறது. உடனே இலையைப் போட்டு உட்காருவோமா? மாட்டோம். 'இருபது நிமிஷம் கழிச்சு வந்து உட்காருங்க' என்று சொன்னால் அது ஸ்லீப். கேஸ் குறைந்திருந்தாலும், புது அரிசியாக இருந்தாலும், பழைய அரிசியாக இருந்தாலும், நாலு பேருக்குப் பதில் பத்துப் பேருக்கு வைத்திருந்தாலும் அதே இருபது நிமிஷம். சமைக்கத் தெரிந்தவர் யாரும் கடிகாரத்தை நம்புவதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நம் பாட்டிகளுக்குத் தெரிந்த இந்த விஷயம், லட்சங்களில் சம்பளம் வாங்கும் நம்முடைய சீனியர் ஆர்க்கிடெக்ட்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதே என் கேள்வி.

கொஞ்சம் பழைய கதை. ரெட் ஹேட் லினக்ஸில் வேலை கற்றவர்களுக்கு அந்த எண்கள் ஞாபகம் இருக்கும். எஸ்10 நெட்வொர்க், எஸ்64 மைஎஸ்க்யூஎல், எஸ்85 வெப் சர்வர். சின்ன எண் முதலில், பெரிய எண் அப்புறம். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஒரு ஸ்கிரிப்ட் 'நான் கிளப்பிவிட்டேன்' என்று திரும்பி வந்ததும் அடுத்தது ஆரம்பம். கவனியுங்கள், 'கிளப்பிவிட்டேன்'தான். 'வெந்துவிட்டது' என்று அந்த ஸ்கிரிப்ட் எப்போதும் சொன்னதில்லை. ஆனாலும் 64க்கும் 85க்கும் நடுவில் இன்னும் நாலைந்து சர்வீஸ்கள் மெதுவாக எழுந்ததால், டேட்டாபேஸுக்கு வேண்டிய நேரம் அதிர்ஷ்டவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் காலம் மாறியது. 2006இல் உபுண்டுவில் அப்ஸ்டார்ட் வந்தது. 2010 ஏப்ரலில் சிஸ்டம்டி அறிவிக்கப்பட்டது. 2011இல் ஃபெடோரா 15, 2014இல் ரெட் ஹேட் 7, 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 என்று அது எல்லா இடத்துக்கும் பரவியது. இது ஒவ்வொன்றாக எழுப்பாது. முடிந்த வரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பும். சர்வர் சீக்கிரம் எழுந்தது. அதிர்ஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் படுத்துவிட்டன. உடனே நம் மக்கள் 'சிஸ்டம்டி மோசம்' என்று சாபம் விட்டுவிட்டு, ஸ்லீப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சிஸ்டம்டியில் இதற்கான சொற்கள் இருக்கின்றன. படிக்கத்தான் ஆள் இல்லை. 'ரிக்வயர்ஸ்' என்று எழுதினால், 'எனக்கு டேட்டாபேஸ் வேண்டும்' என்று அர்த்தம். 'ஆஃப்டர்' என்று எழுதினால், 'டேட்டாபேஸுக்குப் பிறகு என்னைக் கிளப்பு' என்று அர்த்தம். இரண்டும் வேறு வேறு. முதலாவதை மட்டும் எழுதினால் இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். அதை மட்டும் எழுதிவிட்டு, 'எழுதியும் கேட்கலியே' என்று புலம்புகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

சரி, இரண்டையும் எழுதியாகிவிட்டது. அப்போதும் 'பிறகு' என்றால் எதற்குப் பிறகு? சர்வீஸின் வகை 'சிம்பிள்' என்று இருந்தால், புரோகிராமைக் கிளப்பிவிட்ட அந்த நொடியே 'ஆரம்பித்தாயிற்று' என்று சிஸ்டம்டி கணக்கெழுதிவிடும். அதாவது உலை வச்சாச்சு. 'நோட்டிஃபை' என்ற வகையில், 'நான் தயார்' என்று அந்த புரோகிராமே வாய் திறந்து சொல்லும் வரை காத்திருக்கும். அதாவது பருக்கையை நசுக்கிப் பார்த்தாச்சு. நெட்வொர்க்கிலும் இதே கூத்துதான். 'நெட்வொர்க்' என்ற கட்டத்துக்குப் பிறகு என்று எழுதுகிறார்கள். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சர்வீஸ் கிளம்பியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமே இல்லை. முகவரி கிடைத்து வழி திறந்திருக்க வேண்டும் என்றால் 'நெட்வொர்க் ஆன்லைன்' என்ற வேறு கட்டம் இருக்கிறது. ஒரு சொல்தான் வித்தியாசம்.

விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே 'ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்' என்று ஸ்லீப்பையே ஒரு மெனுவாக வைத்திருக்கிறார்கள். விஸ்டா காலத்திலிருந்து உண்டு. எதை நம்பி எது நிற்கிறது என்று எழுதும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது அதே மெஷினுக்குள் இருப்பவற்றுக்கு மட்டும். டேட்டாபேஸ் பக்கத்து மெஷினில் இருந்தால் பயனில்லை. கன்டெய்னர்காரர்களும் சிரிக்க வேண்டாம். டாக்கர் கம்போஸில் 'டிபெண்ட்ஸ் ஆன்' என்று மட்டும் எழுதினால், கன்டெய்னர் கிளம்பியதும் திருப்திப்பட்டுவிடும். உள்ளே இருக்கிறது தயாரா என்று பார்க்கவேண்டுமானால் 'சர்வீஸ் ஹெல்த்தி' என்ற நிபந்தனையைச் சேர்த்து எழுத வேண்டும், நலம் பார்க்கும் சோதனையையும் எழுத வேண்டும். பாத்திரம் மாறிக்கொண்டே இருக்கிறது. வேகாத சோறு மட்டும் மாறவில்லை.

இப்போது ஸ்லீப் மேல் என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன்.

அந்த 60 என்ற எண் எங்கிருந்து வருகிறது? ஒரு நல்ல நாளில், ஒழுங்காக ஷட்டவுன் செய்த சர்வரை மறுபடி ஆன் செய்து பார்க்கிறார்கள். டேட்டாபேஸ் எழ 20 வினாடி ஆகிறது. மூன்றால் பெருக்கி 60 என்று போடுகிறார்கள். நல்ல நாளில் எடுத்த அளவு அது. ஆனால் அது தேவைப்படுவது கெட்ட நாளில். சர்வர் அடித்துப் பிடித்து எழுகிற நாள் என்பது பெரும்பாலும் கரண்ட் போன நாள். அன்றைக்கு டேட்டாபேஸ் 20 வினாடியில் எழாது. பாதியில் நின்றுபோன வேலைகளை எல்லாம் தன் பதிவேட்டில் இருந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சரிசெய்த பிறகுதான் கதவைத் திறக்கும். போஸ்ட்கிரஸ் ஆகட்டும், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி ஆகட்டும், இதுதான் வழக்கம். எவ்வளவு வேலை பாக்கி இருந்தது என்பதைப் பொறுத்து ஒரு நிமிஷமும் ஆகலாம், இருபது நிமிஷமும் ஆகலாம்.

அன்றைக்கு நெட்வொர்க் சுவிட்சும் கூடவேதான் விழுந்து எழும். பழைய ஸ்பேனிங் ட்ரீ முறையில் இருக்கும் சுவிட்ச், ஒயரில் விளக்கு எரிய ஆரம்பித்த பிறகும் 15 வினாடி கேட்டு, 15 வினாடி கற்றுக்கொண்டு, 30 வினாடி கழித்தே டேட்டாவை விடும். அன்றைக்கு மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன மெஷினில் கடிகாரமும் தப்பாக இருக்கும். கடிகாரம் தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது. எல்லாச் சனியும் ஒன்றாக வந்து உட்காரும் நாளுக்கு, எதுவும் நடக்காத நாளில் எடுத்த அளவு எப்படிப் பொருந்தும்? கல்யாணத்துக்கு எடுத்த அளவில் பிரசவ காலத்துக்கு ஜாக்கெட் தைக்க முடியுமா?

ஒரு உதாரணம். நான் இருக்கும் புனேயில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே கணினிப் பிரிவில் இருக்கும் நண்பர் ஒரு மழைக்கால விடியற்காலையில் கூப்பிட்டார். ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டர் தகராறு செய்து, யுபிஎஸ் தீர்ந்து எல்லாம் விழுந்துவிட்டது. கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்தது. மென்பொருள் கொடுத்தவர்கள் வைத்திருந்த ஸ்லீப் 90. டேட்டாபேஸ் தன்னைச் சரிசெய்துகொண்டு எழ எடுத்தது 11 நிமிஷம். தொண்ணூறாவது வினாடியில் எழுந்த அப்ளிகேஷன் செத்துப்போனது. 'செத்தால் மறுபடி எழுப்பு' என்றும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் இடைவெளி எவ்வளவு என்று எழுதவில்லை. எழுதாவிட்டால் சிஸ்டம்டி வினாடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் எழுப்பும். பத்து வினாடிக்குள் ஐந்து தரம் விழுந்தால் 'இது தேறாது' என்று கைவிட்டுவிடும். மூச்சுவிடும் நேரத்துக்குள் ஐந்து வாய்ப்பும் தீர்ந்துபோனது.

காலை ஏழரைக்கு வெளிநோயாளி கவுன்ட்டரில் நூறு பேர் வரிசை. கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, காகிதத்தில் சீட்டு எழுதுகிறார்கள். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வந்த வயசான அம்மாக்கள், சர்க்கரை நோயாளிகள், ரெண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்ளிகேஷனை மறுபடி கிளப்ப எங்களுக்கு ஆன நேரம் ஒரு நிமிஷம். காரணத்தைத் தேட ஆன நேரம்தான் மீதி. இதற்குப் பிறகு மென்பொருள் கம்பெனி அனுப்பிய 'நிரந்தரத் தீர்வு' என்ன தெரியுமா? 90 என்பதை 900 ஆக்கியிருந்தார்கள். இனிமேல் எந்தக் கோளாறும் இல்லாத சாதாரண ரீஸ்டார்ட்டுக்கும் 15 நிமிஷம் கவுன்ட்டர் மூடிக்கிடக்கும். அடுத்த முறை டேட்டாபேஸுக்கு 16 நிமிஷம் ஆனால் பழையபடி கூத்துதான்.

செத்துப்போவதாவது பரவாயில்லை, தெரிந்துவிடும். சாகாமல் ஓடுவது இன்னும் ஆபத்து. டேட்டா வைக்கும் டிஸ்க் இணைவதற்கு முன்பே சர்வீஸ் எழுந்துவிட்டது என்று வையுங்கள். அது எழுத வேண்டிய ஃபோல்டர் இருக்கிறது, ஆனால் காலியாக. பல புரோகிராம்கள் 'புது இடம் போலிருக்கு' என்று சந்தோஷமாக அங்கேயே எழுத ஆரம்பித்துவிடும். கொஞ்ச நேரத்தில் உண்மையான டிஸ்க் வந்து அதே இடத்தில் மேலே உட்கார்ந்துகொள்ளும். அதுவரை எழுதியதெல்லாம் அடியில் மறைந்துபோகும். அழியவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. 'ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்' என்று ஒரு வரி எழுதினால், அந்த டிஸ்க் இணையாமல் சர்வீஸ் கிளம்பாது. அந்த ஒரு வரிக்குப் பதில் ஸ்லீப் 30 போட்டு வைத்திருக்கும் இடங்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆபீஸ் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? உங்கள் ஊர் வீட்டுக்கு வாருங்கள். அப்பா அம்மா தனியாக இருக்கிறார்களே என்று நாலு கேமரா மாட்டி, டிவிஆர் பொட்டி வைத்து, இங்கிருந்து போனில் பார்க்கிற வீடுகள் நம்மிடையே ஏராளம். ஊரில் கரண்ட் போய் வருகிறது. டிவிஆர் ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடும். இன்டர்நெட் மோடம் எழுந்து லைன் பிடிக்க மூன்று நான்கு நிமிஷம். டிவிஆர் தட்டிப் பார்க்கும், இன்டர்நெட் இல்லை. ஒழுங்காக எழுதப்படாத பொட்டி அதோடு விட்டுவிடும். உங்கள் போனில் 'ஆஃப்லைன்'. உள்பேட்டரி தீர்ந்திருந்தால் தேதியும் 2000 ஜனவரி 1க்குப் போய்விடும்.

அப்புறம் என்ன, நீங்கள் போன் போடுவீர்கள். 'அப்பா, அந்த டிவிஆர் பொட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன்.' 'எதுப்பா, அலமாரி மேல இருக்கே அதுவா? இரு, ஸ்டூல் எடுத்துப் போட்டு ஏறுறேன்.' எழுபத்திரண்டு வயசு மனுஷன் ஸ்டூல் மேல் ஏறுகிறார். எதற்கு? பத்து வினாடிக்கு ஒரு தரம் 'இன்டர்நெட் வந்ததா' என்று கேட்டுப் பார்க்கும் நாலு வரியை எவனோ எழுதவில்லை என்பதற்காக. ஒரு புரோகிராம் செய்ய மறுத்த வேலையை எப்போதும் ஒரு மனுஷன்தான் செய்கிறான். அந்த மனுஷன் பெரும்பாலும் அந்த புரோகிராமை எழுதியவனாக இருப்பதில்லை.

இனி, வழக்கமாக வரும் மறுப்புகள்.

'ராத்திரி ரெண்டு மணிக்கு சிஸ்டம் படுத்துட்டா ஸ்லீப் போடாம வேற என்ன பண்றது?' போடுங்கள். தாராளமாகப் போடுங்கள். அடிபட்ட காலுக்கு முதலில் துணியைக் கட்டுவதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். மூன்று வருஷம் கழித்தும் அதே துணி கட்டியிருந்தால்தான் நாறும்.

'அது வெண்டார் சாஃப்ட்வேர், நாங்க கை வைக்க முடியாது.' அதன் உள்ளே கை வைக்க வேண்டாம். அதைக் கிளப்புகிற இடம் உங்கள் கையில்தானே இருக்கிறது? ஸ்லீப் போட முடிந்த அதே இடத்தில், டேட்டாபேஸ் பதில் சொல்லும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன வளையத்தைப் போட முடியாதா? போஸ்ட்கிரஸுக்கு இதற்கென்றே 'பிஜி இஸ்ரெடி' என்ற கருவி 2013இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. தயாரா என்று கேட்டால் தயார், இல்லை என்று பதில் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

'நாலு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலியே?' நாலு வருஷமாக அந்த சர்வர் ஒரு தடவைகூட ஒழுங்காக விழுந்து எழவில்லை என்பதே இதற்கு அர்த்தம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் விழுந்தது. ஒரு முக்கியமான பகுதியைப் பல வருஷங்களாக முழுதாக ரீஸ்டார்ட் செய்ததே இல்லை என்றும், எழுவதற்கு எதிர்பார்த்ததைவிட அதிக நேரமாகிவிட்டது என்றும் அவர்களே எழுதினார்கள். சேவை நிலவரத்தைக் காட்டும் பக்கமும் அதே எஸ்3ஐ நம்பி நின்றதால், 'விழுந்துவிட்டது' என்று சொல்லக்கூடக் கொஞ்ச நேரம் வழியில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனபோதும் இதேதான். சரிசெய்வதற்கான உள்கருவிகளும் விழுந்துபோன நெட்வொர்க்கையே நம்பியிருந்தன. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே எது எதை நம்பி நிற்கிறது என்பது விழுந்த பிறகுதான் தெரிகிறது. நம்முடைய நாலு வருஷம் எந்த மூலைக்கு?

'வரிசையைச் சரியா எழுதிட்டா போதுமே?' இது படித்தவர்களின் மறுப்பு. இதற்குத்தான் கடைசிப் பதில். வரிசை என்பது காலையில் ஆன் செய்யும்போது மட்டும் இருப்பது. மத்தியானம் மூன்று மணிக்கு டேட்டாபேஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால்? அப்போது ஏது வரிசை? அப்ளிகேஷன் ஏற்கனவே எழுந்துதானே நிற்கிறது? தொடர்பு அறுந்தால் பொறுத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டி, மறுபடி முயலத் தெரிந்த புரோகிராமுக்கு மூன்று மணி விபத்தும் ஒன்றுதான், காலை வரிசைக் குழப்பமும் ஒன்றுதான். அது தெரியாத புரோகிராமை எந்த வரிசையில் நிறுத்தினாலும் என்றாவது ஒரு நாள் விழும்.

வரிசையையும் சோதனையையும் ஒன்றாகச் செய்வது எப்படி என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடஇந்தியாவில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் நாள் வடக்கு கிரிட், மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று கிரிட்களும் விழுந்தன. அறுபது கோடிப் பேருக்கு மேல் வாழும் பகுதி இருளில். அதை மறுபடி எழுப்புவது நாம் பேசும் அதே பிரச்சினைதான். அனல்மின் நிலையம் எழ அதற்கே முதலில் மின்சாரம் வேண்டும். பம்பு, விசிறி, கரி அரைக்கும் யந்திரம் எல்லாம் கரண்ட்டில் ஓடுபவை. நீர்மின் நிலையத்துக்குக் கொஞ்சம் போதும். அதனால் அதை முதலில் எழுப்பி, அங்கிருந்து அனல் நிலையத்துக்குக் கரண்ட் கொடுத்து, தீவு தீவாக உயிர் கொடுத்து, அப்புறம் தீவுகளை ஒன்றோடொன்று இணைப்பார்கள். இணைக்கும் முன் 'பத்து நிமிஷம் ஆச்சு, சுவிட்சைப் போடு' என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் வோல்டேஜ் பொருந்துகிறதா, 50 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஃப்ரீக்வென்சி பொருந்துகிறதா, ஃபேஸ் பொருந்துகிறதா என்று அளந்து பார்த்த பிறகே சுவிட்ச். கடிகாரத்தை நம்பிப் போட்டிருந்தால் யந்திரம் உடைந்திருக்கும். நம் வேலையில் யந்திரம் உடைவதில்லை. வரிசையில் நிற்கும் அம்மாதான் மயங்கி விழுவார். அதனால்தான் நமக்கு உறைப்பதில்லை.

சரி, திட்டியது போதும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. எழுதும் ஒவ்வொரு புரோகிராமும், தான் நம்பும் ஆள் இல்லாவிட்டால் சாகாமல் காத்திருந்து மறுபடி கேட்கட்டும். இது ஒன்றைச் செய்தால் மற்றவை பாதி தேவையில்லை.

2. அதை மாற்ற முடியாவிட்டால், கிளப்பும் இடத்தில் ஸ்லீப்புக்குப் பதில் 'தயாரா?' என்று கேட்கும் வளையம். சிஸ்டம்டி பொதுவாக 90 வினாடிதான் பொறுக்கும் என்பதை மறக்காமல் அந்தக் கெடுவையும் கூட்டி வையுங்கள்.

3. விழுந்தால் மறுபடி எழுப்பச் சொல்லும்போது இடைவெளி 5 அல்லது 10 வினாடி என்று எழுதுங்கள். ஐந்து தரத்தோடு கைவிடும் வழக்கம் அதிலேயே அடிபட்டுப் போகும்.

4. எது உண்மையிலேயே வேண்டும், எது இருந்தால் நல்லது என்று பிரித்து எழுதுங்கள். 'ரிக்வயர்ஸ்' ஒரு ரகம், 'வான்ட்ஸ்' ஒரு ரகம். பிரின்ட்டர் எழவில்லை என்பதற்காக மருத்துவமனை முழுதும் படுக்கக்கூடாது.

5. ஒரு ஸ்லீப் இருந்தே தீரவேண்டும் என்றால், யார் போட்டது, என்றைக்கு, எதற்காக, எப்போது எடுக்கப்படும் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பெயர் எழுத வெட்கமாக இருந்தால், அதைப் போட வேண்டாம் என்று அர்த்தம் :-)

கடைசியாக மேனேஜர்களுக்கு ஒன்று. இந்தப் பக்கத்தில் 'ஜுகாட்' என்று ஒரு சொல் உண்டு. இருப்பதை வைத்து எப்படியாவது ஒப்பேற்றுவது. அதைப் பெரிய திறமை என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். விதைப்பவனுக்கு டிராக்டர் வாங்க வழியில்லாமல் பழைய இன்ஜினில் வண்டி செய்தால் நானும் கை தட்டுவேன். லட்சக்கணக்கில் லைசென்ஸ் பணம் வாங்கும் கம்பெனி ஸ்லீப் 900 போடுவதற்குக் கை தட்டமாட்டேன். ராத்திரி எழுந்து சர்வரை எழுப்பியவனுக்கு 'ஹீரோ ஆஃப் தி மன்த்' சான்றிதழ் கொடுக்கிறீர்கள். ராத்திரி எழவே தேவையில்லாதபடி எழுதியவன் பெயர் உங்களுக்குத் தெரியவே தெரியாது. 60 நாள் முன்னாடி எடுத்த பொங்கல் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு ஆன்-காலில் உட்கார்ந்திருப்பவனுக்கு உங்கள் சான்றிதழ் எதற்கு? அவனுக்கு வேண்டியது ஊரில் மூன்று நாள்.

ஒரே ஒரு சோதனை கேட்கிறேன். புது சிஸ்டத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். சோதனை மெஷினில்தான். மறுபடி சொருகுங்கள். யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது. வரிசைப்படி எழுப்புவது எப்படி என்று விளக்கும் எட்டுப் பக்க வேர்டு டாக்குமென்ட்டையும் யாரும் திறக்கக்கூடாது. தானாக எழுந்து முதல் டோக்கனைக் கொடுத்தால் பணத்தைக் கொடுங்கள். எழவில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். வேகாத சோற்றுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.